‘விறைப்பு’: ஒரு சொல்லும் அதன் சமூகத் தளமும்

சொற்பொருள் மாற்றத்தை ஒலி, இலக்கணம் ஆகியவற்றின் எல்லைக்குள் வைத்து நோக்குவதே நமது ஆய்வு மரபில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். ஒரு சொல் யாருடைய வாயில், எத்தகைய உழைப்பின் நடுவே வழங்குகின்றது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ‘விறைப்பு’ என்னும் சொல்லை முன்வைத்து அவ்வினாவை இங்கு எழுப்புகின்றோம்.

தொல்காப்பிய உரியியல் ‘விறப்பு’ என்னும் சொல்லுக்குச் செறிவு, வெருவுதல் என இரு பொருள் கூறும். முன்னது பொருள்களின் நிலை. பின்னது உயிரின் நிலை. ‘விறைப்பு’ என்ற சொல்லிலும் இத்தகைய இரு முகங்களைக் காண்கின்றோம்: ஒன்று வளையாமை, மற்றொன்று உணர்விழத்தல். தமிழகப் பேச்சில் முன்னதே மேலோங்கியுள்ளது. கஞ்சி போட்ட துணியும் அணிவகுப்பில் நிற்கும் காவலரும் அங்கு ‘விறைப்பாக’ இருப்பர். யாழ்ப்பாணத்திலோ குளிரில் கை கால் விறைக்கும். பல் பிடுங்குமுன் விறைப்பு ஊசி ஏற்றப்படும். தமிழகத்தார் ‘மரத்துப்போதல்’ என்று குறிப்பது இதனையே.

இப்பொருள் உழைப்போடு கொண்டுள்ள உறவினைக் குருநகரில் தெளிவாகக் காணலாம். முன்னர் கரையூர் என வழங்கிய இக்கடற்றொழிலாளர் குடியிருப்பு யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையில் அமைந்தது. மார்கழி வாடையில், இரவு முழுவதும் ஈரத்தில் நின்று வலையிழுப்பவனுக்கு விறைப்பு என்பது விரல்களின் நிலை. அவனது பங்கு அவ்விரல்களைக் கொண்டே ஈட்டப்படுகின்றது.

அதே சொல் கரையை விட்டு ஊருக்குள் வரும்போது குணப்பெயராகிவிடுகின்றது. சொற்கேளாதவன் ‘விறைச்ச மண்டை’ எனப்படுகின்றான். சம்மாட்டி சொன்ன விலைக்கு இணங்காத தொழிலாளி பிடிவாதக்காரன். விலையை உயர்த்த மறுக்கும் சம்மாட்டியோ உறுதியானவன். வளையாமை இருவர்க்கும் பொதுவாயினும், அதற்குப் பெயரிடும் உரிமை பொதுவாக இல்லை என்பது மனங்கொளத்தக்கது.

சொல்லுக்கு மூன்றாவது பொருளும் உண்டு: உயிர் நீங்கிய உடலின் விறைப்பு. 1986 ஜூன் 10ஆந் திகதி மண்டைதீவுக் கடலில் குருநகரைச் சேர்ந்த 30 பேருக்கு மேற்பட்ட கடற்றொழிலாளர் கொல்லப்பட்டனர். அவ்வூரவர் இச்சொல்லை உச்சரிக்கையில் அந்நாளும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

அகராதிகள் பொருள்களுக்கு எண்ணிட்டு நிரைப்படுத்துகின்றன. அவை எவ்வெக்கரங்களில், எவ்வெவ் வாய்களில் பிறந்தன என்பதைப் பதிவு செய்வதில்லை. நமது கரையோர வழக்குகள் தொகுக்கப்படும்போது உழைப்பவரின் பொருள் முதலிலும், அவரைக் குறித்துப் பிறர் வழங்கிய பொருள் அதன் பின்னரும் இடம்பெறுதல் வேண்டும்.