பழவேற்காடு: கல்லில் பெயர் உள்ளவர்களும் இல்லாதவர்களும்

இந்த எபிசோடில் நாம நடக்கப்போற ஊர் பழவேற்காடு. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயினில் ஏறி பொன்னேரியில் இறங்கினா, அங்கேருந்து பஸ் இருக்கு. நிறைய பேர் ஏரியைப் பார்க்கவும் நண்டு, இறால் சாப்பிடவும்தான் வர்றாங்க. நான் உங்களைக் கூட்டிட்டுப் போறது ஊருக்குள்ளே. அரை நாள் போதும், நடந்தே பார்த்துடலாம்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்தை மனசுல வச்சுக்கோங்க: 1639. ஆங்கிலேயர்களுக்கு மதராஸில் இடம் கிடைச்ச வருஷம் அது. அப்போ பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி கால் நூற்றாண்டு ஓடிப்போச்சு. அவங்களுக்கு முன்னாடியே போர்த்துக்கீசியர்கள் வந்துட்டாங்க. அதுக்கும் முன்னாடி இது விஜயநகரப் பேரரசின் முக்கியமான துறைமுகம். சோழமண்டலக் கரையோட வரலாற்றில் இது சென்னைக்கு அண்ணன் ஊர்.

கல்லறைத் தோட்டம்

முதல்ல டச்சுக் கல்லறைக்குப் போவோம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கற இடம். வாசல் வளைவில் 1656-ன்னு செதுக்கியிருக்கு. ரெண்டு பக்கமும் ரெண்டு எலும்புக்கூடு சிற்பங்கள். எல்லாரும் செல்ஃபி எடுக்கற இடம் இதுதான். ஆனா அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது பயமுறுத்தறதுக்காக வச்சது இல்லை. 'உனக்கும் ஒரு நாள் இதுதான்'னு ஞாபகப்படுத்தற வழக்கம்.

உள்ளே போனா, படுக்க வச்ச பெரிய பெரிய கல் பலகைகள். மேலே குலச் சின்னங்கள், டச்சு மொழியில் எழுத்துகள். யார், என்ன பதவி, எப்போ இறந்தார், மனைவி யார், குழந்தை எத்தனை நாள் உயிரோட இருந்ததுன்னு எல்லாமே கல்லில் இருக்கு. அவசரப்படாம படிங்க. சொந்த ஊரிலிருந்து மாசக்கணக்கில் கப்பலில் வந்து, இந்த வெயிலில், காய்ச்சலில் செத்துப்போன மனுஷங்க. அவங்க துக்கமும் துக்கம்தான்.

ஆனா இந்தக் கல்லெல்லாம் வைக்கக் காசு எங்கேருந்து வந்தது? அதைத் தெரிஞ்சுக்க கோட்டைக்குப் போகணும்.

கோட்டை இருந்த இடம்

போய்ப் பார்த்தா கோட்டை இல்லை. ஒரு அகழி, மண் மேடு, அதுக்கு மேலே புதர். 'வேல்' மரங்கள் நிறைஞ்ச பழைய காடு என்பதுதான் பழவேற்காடுங்கற பேருக்குப் பொதுவா சொல்ற விளக்கம். இன்னிக்கு இந்த மேட்டை மூடியிருக்கறது சீமைக் கருவேலம்.

1610-ல் விஜயநகர அரசர் வேங்கடபதியிடம் டச்சு கிழக்கிந்திய கம்பெனி இங்கே வணிகம் செய்ய ஒப்பந்தம் வாங்கினது. 1612-ல் போர்த்துக்கீசியர்கள் வந்து அவங்க பண்டகசாலையை அழிச்சாங்க. அடுத்த வருஷமே, 1613-ல், டச்சுக்காரர்கள் கோட்டையைக் கட்டி முடிச்சாங்க. பேர் கெல்ட்ரியா. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தோட பேர் அது. 1690-ல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் முழுக்க இங்கிருந்துதான் நடந்தது. வெடிமருந்து ஆலை இருந்தது, நாணயச்சாலை இருந்தது. 1795-ல் ஆங்கிலேயர்கள் பிடிச்சாங்க, கொஞ்ச வருஷத்தில் கோட்டையை இடிச்சுட்டாங்க. 1825-ல் ஊர் நிரந்தரமா அவங்க கைக்குப் போச்சு.

துணியும் ஜாதிக்காயும்

டச்சுக்காரர்களுக்கு உண்மையில் வேண்டியது ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு. அது விளையறது இன்னிக்கு இந்தோனேசியா இருக்கற பகுதியின் தீவுகளில். அந்தத் தீவுக்காரங்க விரும்பிக் கேட்டது நம்ம கரையின் துணி. அதனால இங்கே நெசவாளர்களுக்கு வணிகர்கள் மூலமா முன்பணம் கொடுத்துத் துணி வாங்கணும், கப்பலில் ஏத்தணும், அங்கே மசாலாவுக்கு மாத்தணும். ஹெரிடேஜ் வாக் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தோட முடிஞ்சிடும். நாம இன்னும் கொஞ்சம் போவோம்.

1619-ல் டச்சுக்காரர்கள் பத்தாவியா நகரத்தை நிறுவினாங்க. அதுதான் இன்றைய ஜகார்த்தா. 1621-ல் யான் பீட்டர்ஸோன் கூன் என்ற கவர்னர் ஜெனரல், ஜாதிக்காய் விளைஞ்ச பாண்டா தீவுகளைப் படையெடுத்துப் பிடிச்சார். தீவுமக்களில் பெரும்பாலானவங்க கொல்லப்பட்டாங்க, பட்டினியில் செத்தாங்க, இல்லை நாடு கடத்தப்பட்டாங்க. தோட்டம் இருக்கு, வேலை செய்ய ஆள் இல்லை. புது நகரம் கட்டவும் ஆள் வேணும். அந்த ஆட்களைக் கம்பெனி தேடின இடங்களில் ஒண்ணு, நாம நிக்கற இந்தக் கரை.

கப்பலில் போனவங்க

1622-23-ல் மட்டும் பழவேற்காடு, கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினம் மாதிரியான துறைமுகங்களிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாக் கப்பலேத்தப்பட்டாங்க. கையில் பணம் இருந்திருந்தா இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம்னு இங்கிருந்த கம்பெனி அதிகாரிகள் சொன்னது பதிவாகியிருக்கு. அந்த வருத்தத்தைக் கவனிங்க. ஒரு நல்ல சரக்கு கைவிட்டுப் போச்சேங்கற வருத்தம்.

இத்தனை பேர் எப்படிக் கிடைச்சாங்க? பஞ்சம். போர். மழை பொய்ச்சா அரிசி விலை ஏறும். அரிசி விலை ஏறினா மனுஷன் விலை இறங்கும். பெத்தவங்க பிள்ளைகளை வித்தாங்க. சிலர் தங்களையே வித்துக்கிட்டாங்க. நடுவில் நம்ம ஊர்த் தரகர்களும் இருந்தாங்க, அதையும் மறைக்க வேண்டாம். நல்ல விளைச்சல் வந்த வருஷங்களில் இந்த வியாபாரம் படுத்துடும். அடுத்த பஞ்சத்தில் திரும்பத் தலைதூக்கும். 17-ம் நூற்றாண்டு முழுக்க இந்தக் கரையில் இதுதான் நடந்தது.

போனவங்களுக்கு என்ன பேர்? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டச்சுக்காரர்கள் 1652-ல் குடியேறினாங்க. அங்கேயும் இந்தியாவிலிருந்து அடிமைகள் போனாங்க. அங்கத்திய ஆவணங்களில் அடிமைகளோட பேருக்குப் பின்னாடி வந்த இடத்தைச் சேர்த்திருப்பாங்க. 'வான் பெங்கால்', 'வான் கோரமண்டல்'. 'வான்' என்றால் டச்சு மொழியில் 'இந்த ஊரிலிருந்து'. முன்னாடி இருக்கற பேர் பல நேரம் முதலாளி வச்ச பேர். அம்மா கூப்பிட்ட பேர் போச்சு, மிஞ்சினது ஒரு கரையோட பேர்.

இப்போ அந்தக் கல்லறையை இன்னொரு தடவை நினைச்சுப் பாருங்க. சில நாட்களே வாழ்ந்த குழந்தைக்குக்கூட அங்கே கல் இருக்கு. கப்பலில் போனவங்களுக்கு இருக்கறது கணக்குப் புத்தகத்தில் ஒரு எண்ணிக்கை. கல்லறையைப் பாதுகாக்கணும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அதை 'அழகான டச்சு நினைவுச் சின்னம்'னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பி வர என்னால முடியலை. வழிகாட்டிப் பலகையில் இந்த 1,900-ம் ஒரு வரியா இருக்கணும்னு ஆசைப்படறேன்.

ஊர் இன்னும் இருக்கு

நடை இங்கே முடியலை. விஜயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போங்க. செம்பூரான் கல்லில் கட்டினது, சின்னச் சின்ன ராமாயணச் சிற்பங்கள் இருக்கு. பழைய பள்ளிவாசல்களும், தொழுகை நேரம் பார்க்க வச்ச நிழல் கடிகாரமும் இருக்கு. முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை முடையறாங்க. போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கின மகிமை மாதா கோயிலும் இருக்கு. கட்டிடம்தான் புதுசு.

கடைசியா ஏரிக்கரை. இங்கே கோட்டைக்குப்பம்னு ஒரு மீனவக் கிராமம் உண்டு. கோட்டை இடிஞ்சு 200 வருஷத்துக்கு மேல ஆச்சு, பேரைக் குப்பம் காப்பாத்தி வச்சிருக்கு. அங்கேயும், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பத்திலும் 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. ஏரியில் நல்லா மீன் படற இடத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சீட்டுக் குலுக்கி, முறை வச்சுத்தான் வலை போடணும். இதெல்லாம் கல்லில் எழுதி வச்ச சட்டம் இல்லை, ஆனா தலைமுறை தலைமுறையா நடக்குது. வாய்ப்பு கிடைச்சா, கரையில் வலை சரிபண்ணிட்டு இருக்கற பெரியவர் யார்கிட்டயாவது 'பாடு' எப்படிப் பிரிப்பாங்கன்னு கேளுங்க. அந்தக் கதைக்குத் தனி எபிசோடே வேணும்.

போகும்போது தண்ணி பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கோங்க. கல்லறையில் கல் மேல ஏறி உட்காராதீங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.