பிடியரிசியும் பெருங்கொடையும்

பொதுநலங் கருதி எழும் சங்கம் எதுவாயினும், தோன்றிய சின்னாளிலேயே ஒரு வினாவை எதிர்கொள்ளும். "எண்ணியது நன்று, பொருளுக்கு வழி யாது?" என்பதே அவ்வினா. கல்வராயன் மலைவாழ் நம் மக்கள்முன்னும் அவ்வினா இன்று வந்து நிற்கின்றது. வெள்ளிமலையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அரசினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிற் பயின்று தேறும் நம் சிறுவரும் சிறுமியரும் மேற்படிப்பின்பொருட்டுக் கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ இறங்குங்கால், தங்க இடமும் உண்ண உணவும் அமையாது இடர்ப்படுகின்றனர். கல்வியைப் பாதியில் விடுத்து மலையேறி மீள்வாரும் உளர். இவர்கட்கென ஒரு மாணவர் இல்லம் வேண்டும் என்பதில் நம்மவர்க்குள் கருத்து வேற்றுமை இல்லை. வேற்றுமையெல்லாம் வழியிலேதான். "அரசாங்கம் தரட்டும்" என்பார் ஒரு சாரார். "பெருஞ்செல்வர் ஒருவரைக் கண்டால் போதும்" என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் நம் நாட்டு அறநிலையங்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவாராயின், மூன்றாவது வழியொன்று உண்டென்பதும், அரசின் உதவியும் செல்வர் கொடையும் அவ்வழிச் சென்றாரையே பெரும்பாலும் நாடி வந்தன என்பதும் காண்பர். அதனை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முற்காலத்தார் கொடையை எவ்வாறு அமைத்தனர் என்பதை முதற்கண் நோக்குவோம். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில், கோயிலில் ஒரு நந்தா விளக்கு வைக்க விரும்பியோர் பெரும்பாலும் 96 ஆடுகளை அளித்தனர் என்று காண்கின்றோம். அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாவாதோ, மூப்படையாதோ எனின், ஆடு சாகும், மந்தை சாவாது. மந்தையை ஏற்ற இடையர் அதன் தொகை குறையாமற் காத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளந்து வந்தனர். முதலைத் தொடாது விளைவை மட்டும் கொள்ளும் முறைமையை நம் முன்னோர் இவ்வளவு தெளிவாக அறிந்திருந்தனர்.

கல்விக்கும் இம்முறையே கையாளப்பட்டது. நம் மாவட்டத்திற்கு அயலதாகிய விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்றோர் ஊர் உண்டு. அங்கே முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட வேதக் கல்லூரியொன்று நடைபெற்றது. அதன் செலவிற்காக 45 வேலி நிலம் விடப்பட்டது. மாணாக்கர் ஒருவருக்கு நாளொன்றுக்கு அளக்கவேண்டிய நெல் எவ்வளவு என்பதுவரை கல்லிற் பொறித்து வைத்தனர். அரசனது கொடையேயாயினும் கணக்கு ஊரறிய நின்றது. ஆயிரம் ஆண்டு கழித்து நாம் அதனைப் படித்தறிதற்கும் அதுவே காரணம்.

நிற்க, பெருஞ்செல்வர் ஒருவரது கொடையை மட்டுமே நம்புதலில் உள்ள இடர் யாதென்பதற்குப் பச்சையப்ப முதலியார் வரலாறு தக்க சான்றாகும். வறுமையிற் பிறந்து துபாஷ் தொழிலாற் பெரும்பொருள் ஈட்டிய அவ்வள்ளல், தம் செல்வத்தை அறத்திற்கென எழுதிவைத்து 1794-ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். எழுதியது நன்றே. ஆயினும், அவருக்குப் பின் பொருளைக் காத்து நடத்துதற்குரிய கட்டுக்கோப்பான சபை இல்லாமையால், அப்பொருள் வழக்கு மன்றத்தின் வாயில்களிற் பன்னெடுநாள் அலைந்தது. அவர் பெயராற் சென்னையில் முதற் பள்ளி திறக்கப்பட்டது 1842-ஆம் ஆண்டில். கொடுத்தவர் மறைந்து 48 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவரது கொடை ஒரு சிறுவனுக்கு எழுத்தறிவித்தது! இடையில் எத்தனை தலைமுறைச் சிறுவர் அப்பயனை இழந்தனர் என்பதை எண்ணிப் பார்மின். பொருள் வருமுன்னரே அதனை ஏற்றுக் காக்கும் கை அமைந்திருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, அத்தகைய கைகளைத் தாமே அமைத்துக்கொண்ட மக்களது வரலாற்றுக்கு வருவோம். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வாணிகம் புரிந்த நாடார் குலத்தார், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே உறவின்முறை என்னும் ஊரவையின்கீழ் மகமை என்னும் நிதியைத் தண்டி வந்தனர். வாணிகர் ஒவ்வொருவரும் தம் வரும்படியிலிருந்து சிறு பங்கொன்றை உறவின்முறைக்குச் செலுத்துவர். சிறியார்க்குச் சிறியது, பெரியார்க்குப் பெரியது. விலக்கு மட்டும் எவர்க்கும் இல்லை. கோயிலிற் புகவும் பொதுத் தெருவில் நடக்கவும் அக்குலத்தார்க்கு அக்காலத்தில் இருந்த தடைகளை யாவரும் அறிவர். பிறர் கைகொடுப்பர் என்று காத்திருக்க அவர்கட்கு வழியில்லை. ஆதலின் மகமைப் பொருளைக்கொண்டு 1889-ஆம் ஆண்டில் விருதுநகரிற் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியை நிறுவினர்.

அப்பள்ளியின் வரலாற்றில் நம் நெஞ்சைக் கவர்வது பிடியரிசி முறையே. இல்லத்தரசி உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவாள். அதனைத் தொண்டர் வீடுதோறும் சென்று பெற்றுத் திரட்டிப் பள்ளிக்கு உதவுவர். கொடுப்பவள் அதனால் வறியவள் ஆகாள். ஆயினும் நாள்தோறும் அப்பள்ளியை ஒருமுறை நினைந்துகொள்வாள். பின்னாளில் முதலமைச்சராகிப் பள்ளிச் சிறார்க்கு மதிய உணவளித்த பெருந்தலைவர் காமராசர் இளமையிற் பயின்றது இச்சத்திரிய வித்தியாசாலையிலேயே. பிடியரிசியால் நடந்த பள்ளியின் மாணவர் பல இலட்சம் பிள்ளைகளுக்குச் சோறிட்டார் என்பதை விடவும் அக்கொடைக்கு வேறு பெருமை வேண்டுமோ?

அரசாங்க நன்கொடையின் வரலாறும் இதற்கு மாறானதன்று. இந்நாட்டிற் பள்ளிகட்கு அரசினர் உதவிநிதி வழங்கும் முறை 1854-ஆம் ஆண்டின் கல்வி ஆணையால் ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் அதற்குரிய விதிகள் 1855-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அவ்வாணை விதித்த நிபந்தனைகள் யாவை? பள்ளிக்கு உள்ளூரிற் பொறுப்பான நிருவாகம் வேண்டும். சிறிதாயினும் சம்பளம் தண்டுதல் வேண்டும். அதிகாரிகளின் பார்வைக்குப் பள்ளி திறந்திருத்தல் வேண்டும் என்பனவாம். ஊரார் முயற்சி கண்டவிடத்தே அரசு துணை நிற்கும் என்பதே அதன் கருத்து.

இக்காலத்தும் அந்நெறி மாறிற்றில்லை. தமிழக அரசு 1997-ஆம் ஆண்டிற் கண்டு, பின்னர் 2021-ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்ப்பித்த 'நமக்கு நாமே' திட்டத்தில், ஊர்ப் பணியொன்றிற்கு மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை முன்வைத்தால் எஞ்சியதை அரசு ஏற்கும் என்று விதி அமைந்தது. பெரிய கம்பெனிகள் தம் நிகர ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமுதாயப் பணிக்குச் செலவிடல் வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் விதித்தது. அப்பணத்தைக் கம்பெனி ஒரு சங்கத்தின் வாயிலாகச் செலவிட வேண்டுமாயின், அச்சங்கம் முறைப்படி பதிவு பெற்றதாயும், அத்தகைய பணியில் மூன்றாண்டேனும் ஈடுபட்டதாயும் இருத்தல் வேண்டும். இன்று பதிந்து நாளையே விண்ணப்பித்தாற் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

கடல் கடந்த தமிழர் செயலும் இதற்குச் சான்று. அமெரிக்க நாட்டு ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் தமிழுக்கோர் இருக்கை அமைத்தற்கு 60 இலட்சம் டாலர் வேண்டியிருந்தது. அந்நாட்டில் மருத்துவத் தொழில் புரியும் தமிழர் இருவர் 2015-ஆம் ஆண்டில் ஆளுக்கு ஐந்து இலட்சம் டாலரை முதலில் தாம் வைத்துவிட்டே பிறரிடம் கையேந்தினர். பின்னர் உலகெங்குமுள்ள தமிழர் சிறிதும் பெரிதுமாக அளித்தனர். தமிழக அரசும் பத்துக் கோடி ரூபாய் வழங்கிற்று. 2018-ஆம் ஆண்டில் தொகை நிறைந்தது. கேட்பவன் முதலிற் கொடுத்தவனாய் இருந்தால் அவன் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு.

இவற்றையெல்லாம் கேட்டபின், "நாம் வறியேம், விருதுநகர் வாணிகரோடும் அமெரிக்க மருத்துவரோடும் நமக்கு ஒப்புமை யாது?" என்று சிலர் வினவலாம். அவர்கட்கு ஒரு சிறு கணக்கு. நம்மவருள் 500 குடும்பத்தார் நாள்தோறும் 50 கிராம் அரிசியோ சாமையோ எடுத்து வைப்பாராயின், ஒரு நாளைக்கு 25 கிலோ சேரும். ஓராண்டுக்கு 9,125 கிலோ ஆகும். மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம் எனக்கொண்டால், ஓராண்டுக்கு 146 கிலோ வேண்டும். ஆகவே, அக்குவியல் 62 பிள்ளைகட்கு ஆண்டு முழுதும் சோறிடும். மரவள்ளி விற்கும் நாளில் மூட்டைக்கு ஒரு ரூபாய் என மகமை வைத்தால் அது காய்கறிக்கும் விளக்குக்கும் உதவும். கோயில் திருவிழாவிற்குத் தலைக்கட்டு வரி தண்டி அறிந்த மக்களுக்கு இஃது அரிய செயலன்று.

ஆயின், நம் மலையில் வரி என்னும் சொல்லுக்கே ஒரு கசப்பு உண்டு என்பதை மறைத்தல் தகாது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்களின்கீழ் இம்மலை நெடுங்காலம் இருந்தது. 1976-ஆம் ஆண்டிலேதான் அரசு இதனைத் தன் நேர்ப்பொறுப்பில் ஏற்றது. அதுகாறும் நம் பாட்டன்மார் கொடுத்தனர். கொடுத்தது எங்குச் சென்றதெனக் கேட்டறியும் உரிமை அவர்கட்கு இருந்ததில்லை. ஆதலின் நாம் இன்று தண்டும் ஒவ்வொரு பிடிக்கும் கணக்கு வேண்டும். திங்கள்தோறும் வரவும் செலவும் ஊர்ப் பொதுவிடத்தில் எழுதி ஒட்டப்படல் வேண்டும். படிக்க அறியாதார்க்குக் கூட்டத்தில் வாசித்துக் காட்டல் வேண்டும். தண்டுபவர் ஒருவர், கணக்கெழுதுபவர் மற்றொருவர், பணத்தை வங்கியில் வைப்பவர் வேறொருவர் என மூவரைப் பிரித்து அமைத்தல் நலம். கணக்கில் ஐயம் நுழைந்த அன்றே பிடியரிசிக் கலம் வெறுமையாகும். அதனை மீட்டும் நிரப்புதல் எளிதன்று.

பொருள் நாடுவோர் அறியவேண்டிய சட்டநெறி இரண்டனையும் ஈண்டுக் கூறுவேம். 1961-ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம், ஒரு சாதியார்க்கோ ஒரு சமயத்தார்க்கோ மட்டும் பயன்படும் அறநிலையத்துக்கு வரிவிலக்கும், அதற்குக் கொடுப்பவர்க்கு வரிச்சலுகையும் மறுத்தது. பட்டியற் சாதியினர், பழங்குடியினர், பிற்பட்ட வகுப்பினர், பெண்டிர், குழந்தைகள் ஆகியோர் நலத்திற்கென நிற்கும் நிலையங்களை அத்தடை தொடாது என்றும் வகுத்தது. எனவே, இல்லத்தின் விதிகளை எழுதுங்கால், "நம்மவர்க்கு மட்டும்" என்று கதவடைத்தல் அறத்திற்கும் இழுக்கு, ஆதாயத்திற்கும் இழுக்கு. "மலைவாழ் பழங்குடிப் பிள்ளைகட்கும் வறிய பிள்ளைகட்கும்" என்று எழுதிக் கதவைத் திறந்து வைப்போம். மேலே கூறிய பச்சையப்பர் கல்லூரியும் இந்து மாணவர்க்கே உரியதாயிருந்து, 1947-ஆம் ஆண்டில் எல்லார்க்கும் திறந்தது. அதனால் அவ்வள்ளலின் புகழ் பெருகிற்றேயன்றிக் குறைந்ததில்லை.

மற்றொன்று, அயல்நாட்டுப் பணம் பற்றியது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நடுவணரசிற் பதிவோ முன் அனுமதியோ பெறாமல் அயல்நாட்டார் நன்கொடையை ஏற்றல் குற்றமாகும். நம் இளைஞர் வெளிநாட்டில் உழைத்து, இந்தியக் குடிகளாகவே இருந்து, தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது அயல்நாட்டு நன்கொடையாகக் கொள்ளப்படுவதில்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்புவதோ அவ்வகையில் அடங்கும். நல்ல எண்ணத்தோடு வரும் பணமும் அறியாமையால் வழக்காகிவிடக் கூடாது.

அன்பர்காள்! அரசின் கதவையும் செல்வர் கதவையும் தட்ட வேண்டா என்று யாம் கூறவில்லை. தட்டுங்கால் கையில் மூன்று பொருள் இருக்கட்டும் என்கின்றேம். பதிவுச் சான்று ஒன்று. மூன்றாண்டுக் கணக்கேடு ஒன்று. பிடியரிசியால் உண்டு பயின்ற பிள்ளைகளின் பெயர்ப்பட்டி ஒன்று. கதவு திறப்பவர் இவற்றைக் கண்டால் நம்மை இரவலராக எண்ணார். பணியிற் பங்காளிகளாகவே எண்ணுவர்.

வரும் தைத் திங்களில் அறுவடை மனைக்கு வரும்பொழுது, அடுப்பருகே ஒரு சிறு கலத்தை வைக்குமாறு நம் தாய்மாரையும் தங்கையரையும் வேண்டிக்கொள்கின்றேம். இல்லத்திற்கு அடிக்கல் நாட்டும் நாள் எந்நாளோ அறியோம். அதன் முதற் பிடி விழும் நாளை நாமே குறிக்கலாம்.