புற்றணுவும் உடற்காவலும்

நாள்தோறும் நம் உடம்பில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் பிரிந்து பெருகுகின்றன. அவற்றுள் நெறி தவறுவனவும் உண்டு. அங்ஙனமாயின் புற்றுநோய் எல்லோரையும் பற்றாதது ஏன்? உடம்பின் தற்காப்பு ஆற்றலே அவற்றை முளையிலேயே அடக்கிவிடுகிறது என்று ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1909-ஆம் ஆண்டில் கருதினார். ஆஸ்திரேலியரான மக்ஃபார்லேன் பர்னட்டும் அமெரிக்கரான லூயிஸ் தாமஸும் 1950-களின் பிற்பகுதியில் இக்கருத்துக்குப் புத்துயிர் அளித்தனர். வெள்ளணுக்கள் ஊர்க்காவலரைப் போல உடம்பெங்கும் சுற்றி வருகின்றன என்பது அவர்கள் கொள்கை.

கொள்கை அழகியது, சான்றுதான் போதவில்லை. டி-அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறுகின்றன. அச்சுரப்பியின்றிப் பிறக்கும் முடியற்ற எலிகளுக்கும் இயல்பான எலிகளுக்கும், புற்றை விளைவிக்கும் வேதிப்பொருளைச் செலுத்திப் பார்த்தார் ஓசியாஸ் ஸ்டுட்மன். இருவகை எலிகளிலும் கட்டிகள் ஏறத்தாழ ஒரே அளவில் தோன்றின. 1974-ல் இம்முடிவு வெளியானதும், கொள்கை மாண்டது என்றே பலரும் எண்ணினர். அந்த முடியற்ற எலிகளிடம் சிறிதளவு டி-அணுக்களும், இயற்கைக் கொல்லி அணுக்கள் என்னும் வேறு காவலரும் எஞ்சியிருந்தமை பின்னரே தெளிவாயிற்று. ஸ்டுட்மனைக் குறை கூறுவதற்கில்லை. அவர் காலத்தில் கிடைத்த எலி அதுதான்.

மரபணுவை நீக்கி, டி-அணுக்களும் அவற்றின் இனமான பி-அணுக்களும் அறவே இல்லாத எலிகளை உண்டாக்கும் முறை பின்னர் வந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் ராபர்ட் ஷ்ரைபரும் அவர் குழுவினரும் அத்தகைய எலிகளைக் கொண்டு ஆய்ந்து, 2001-ல் முடிவை வெளியிட்டனர். காவலற்ற எலிகளில் கட்டிகள் மிகுதியாகத் தோன்றின. எர்லிக் சொன்னது மெய்யாயிற்று.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. கட்டிகளை எடுத்து, இயல்பான வேறு எலிகளின் உடம்பில் ஒட்டினர். இயல்பான எலியில் விளைந்த கட்டி புதிய உடம்பிலும் தங்குதடையின்றி வளர்ந்தது. காவலற்ற எலியில் விளைந்த கட்டிகளிலோ 100-க்கு ஏறத்தாழ 40 அழிக்கப்பட்டன. காவலை அறியாது வளர்ந்த கட்டி, தன் அடையாளங்களை மறைக்கக் கற்கவில்லை! நெல் வயலில் களையெடுக்கும்போது, நெற்பயிரைப் போன்றே தோன்றும் புல் கைக்குத் தப்பி விதை சிந்துகிறதன்றோ? அவ்வாறே, கண்ணிற்படும் புற்றணுக்களைக் காவலர் அழிக்க, படாதவை பெருகுகின்றன. ஆகவே மருத்துவர் காணும் கட்டி, காவலரால் செதுக்கப்பட்ட கட்டியே.

சில வேளைகளில் இப்போர் வெற்றி தோல்வியின்றிப் பல்லாண்டுகள் நீடிக்கும். கருநிறப் புற்றுக்குச் சிகிச்சை பெற்று, குணமானவராகவே கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகங்கள் 16 ஆண்டுகளுக்குப் பின் இருவருக்குப் பொருத்தப்பட்டன. உறுப்பு நிலைக்கும் பொருட்டுக் காவலைத் தணிக்கும் மருந்து உண்ட அவ்விருவரிடமும் அதே புற்று தலைதூக்கியது என 2003-ல் ஒரு மருத்துவ இதழ் தெரிவித்தது.

புற்றணுவும் காவலரை மாற்றுகிறது. டி-அணுவின் மீதுள்ள தடைப் புரதத்தை அழுத்தி, அதனை ஓயச் செய்கிறது. அத்தகைய தடைகளை விலக்கும் வழி கண்ட ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றனர். இம்மருந்துகளால் பலர் நெடுநாள் நலம் பெற்றுள்ளனர். ஆயினும் நலம் பெற்றுப் பின் மீண்டும் நோயுற்ற சிலரின் கட்டிகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒருவரின் புற்றணுக்கள், தம் அடையாளத்தை வெளியே காட்ட வேண்டிய புரதத்தின் மரபணுவையே சிதைத்துக்கொண்டிருந்தமை காணப்பட்டது.