யானைக்கால் புழுவும் அடங்கிப்போன அணுக்களும்

புதுச்சேரியைச் சேர்ந்த சேதராப்பட்டின் பழைய நோய்க் கணக்கைத் தேடுபவர் இரண்டு அலமாரிகளைத் திறக்க வேண்டும். ஊர் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. ஆனால் நாலு பக்கமும் வானூர்ப் பகுதி, அதாவது அன்றைய தென்னாற்காடு மாவட்டம். வரப்பைத் தாண்டினால் ஏடும் மாறும், மொழியும் மாறும். நோயைப் பரப்பும் கொசுவுக்கு அந்த எல்லை கிடையாது. யானைக்கால் நோய் பற்றிய என் தேடல் இந்த இரட்டைக் கணக்கிலிருந்துதான் கிளம்பியது.

பழைய குறிப்புகள் எண்ணியது வீங்கிய கால்களை. கண்ணுக்குத் தெரிந்தது அதுதானே. இரத்தத்தில் இருக்கும் குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் தோலோர நாளங்களுக்கு வரும். அதனால்தான் கணக்கெடுப்பு ஊழியர்கள் ஊர் அடங்கிய பிறகு வந்து விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்தார்கள். 1975இல் புதுச்சேரியில் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் தொடங்கியது. பி.கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை நகரத்தில் சாக்கடைக் கொசுவுக்கு எதிராக ஒரு பெரிய திட்டமே நடந்தது. இப்படிப்பட்ட இரவு ரத்தப் பரிசோதனைகள் எங்கே நடந்தாலும் ஒரு முரண் மேலே வரும்: புழு நிறைய இருப்பவர்களில் பலருக்குக் காலில் வீக்கமே இல்லை, கால் தூணாகிப் போனவர்களில் பலருடைய ரத்தத்தில் புழுவே இல்லை.

அப்படியானால் அந்த முதல் கூட்டத்தாரின் நோயெதிர்ப்பு அணுக்கள் என்ன செய்துகொண்டிருந்தன? நிணநாளங்களில் வருடக்கணக்கில் குடியிருக்கும் புழுவை அவை காணவில்லையா, கண்டும் அடங்கிப்போயினவா?

மருத்துவ நூலகத்தில் பைண்டு செய்த இதழ்களைப் பின்னோக்கிப் புரட்டியபோது முதல் துப்பு 1977இல் கிடைத்தது. ஆட்டிசன், வெல்லர், ஹெக் மூவரும் பசிபிக் கடலில் குக் தீவுகளைச் சேர்ந்தவர்களிடம் செய்த ஆய்வு அது. எடுத்த ரத்தத்தைச் சுழற்றினால் இடையில் மெல்லிய வெண்பட்டையாக வெள்ளணுக்கள் ஒதுங்கும். அதை உறிஞ்சி எடுத்துக் குழிகளில் வளர்த்து, புழுவின் புரதத்தைச் சேர்ப்பார்கள். அணுக்கள் கிளர்ந்தால் பெருகும். பெருகினால் கதிரியக்கமேற்றிய தைமிடினை விழுங்கும். கருவி அதை எண்ணிவிடும். ரத்தத்தில் புழு உள்ளவர்களின் அணுக்கள் புழுப் புரதத்துக்கு அசையவில்லை. ஆனால் வேறு அந்நியப் பொருள்களைக் கொடுத்தபோது அதே அணுக்கள் பெருகின. ஆக, உடம்பு பலவீனமாகி வந்த அமைதி அல்ல இது. புழு ஒன்றைக் குறித்து மட்டும் கடைப்பிடிக்கப்படும் அமைதி.

1982இல் ஒரு சந்தேகக் கைதி பிடிபட்டார். இந்தோனேசிய நோயாளிகளை ஆராய்ந்த பீசென்ஸ் குழு, 'அடக்கும் டி செல்கள்' என்ற ஒரு வெள்ளணுக் கூட்டமே மற்ற அணுக்களைத் தடுக்கிறது என்று எழுதியது. ஐந்து ஆண்டுகளில் வழக்கு சென்னைக்கு வந்தது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி. குமாரசுவாமி, அமெரிக்காவின் நட்மன், ஆட்டிசன் ஆகியோருடன் 1987 மே மாதம் வெளியிட்ட கட்டுரை என்னை அந்த மேசையிலேயே உட்கார வைத்துவிட்டது. சந்தேகத்துக்கு உள்ளான சிடி8 வகை அணுக்களை அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். மிச்ச அணுக்கள் அப்போதும் எழவில்லை. இன்டர்லூகின்-2, இன்டர்ஃபெரான்-காமா என்ற எழுச்சிப் புரதங்களும் சுரக்கவில்லை. கைதி விடுதலை. குற்றவாளி யார் என்பதற்குக் கட்டுரையில் பெயர் இல்லை.

இருந்திருக்கவும் முடியாது. பெயர் அதே ஆண்டு ஜூலையில், வேறொரு இதழில், புழுவுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் அச்சாகியிருந்தது. பிரான்சின் மார்செய் நகரில் புருனே, கோல்ஸ்டைன் குழுவினர் எலியின் டி செல்லிலிருந்து ஒரு மரபணுவைப் பிரித்து அதற்கு சிடிஎல்ஏ-4 என்று பெயரிட்டார்கள். அதன் வேலை என்ன என்பது அப்போது உலகில் ஒருவருக்கும் தெரியாது. சென்னையின் கேள்வியும் மார்செயின் விடையும் ஒரே ஆண்டுத் தொகுதிகளில், எட்டிப் பிடிக்கும் தூரத்தில், ஒன்றையொன்று அறியாமல் இருந்திருக்கின்றன. இந்தத் தேடலில் என்னை மிகவும் உலுக்கியது அதுதான்.

சிடிஎல்ஏ-4இன் வேலை தெரிய 1995 வரை ஆனது. டி செல் தன் ஏற்பியால் அந்நியத் துணுக்கைப் பிடித்ததும் உள்ளே லக் என்ற நொதி ஏற்பியின் வால்களில் பாஸ்பேட் ஒட்டும். ஸாப்-70 என்ற இன்னொரு நொதி வந்து சேரும். செய்தி கைமாறிக் கைமாறிக் கருவரை போகும். ஆனால் இது ஒன்று போதாது. சிடி28 என்ற இன்னொரு புரதம் எதிரிலிருக்கும் அணுவின் பி7 புரதத்தைப் பற்றி இரண்டாவது சம்மதம் கொடுக்க வேண்டும். கிளர்ந்த டி செல்லில் தலைகாட்டும் சிடிஎல்ஏ-4, அதே பி7ஐச் சிடி28ஐவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சம்மதம் கிடைக்காது. இந்தக் கடிவாளம் இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் சில வாரங்களுக்குள் இறந்தன. அவற்றின் உறுப்புகளை அவற்றின் சொந்த வெள்ளணுக்களே மொய்த்திருந்தன.

இதற்கிடையே இன்னொரு புரதமும் வந்துவிட்டது. 1989இல் மோஸ்மன் குழு அடையாளம் கண்ட இன்டர்லூகின்-10. அணு வெளியே விடும் இந்தப் புரதம் பக்கத்து அணுவின் ஏற்பியில் அமரும். ஜாக்1, டிக்2 நொதிகள் ஸ்டாட்3 என்ற புரதத்தை எழுப்பும். ஸ்டாட்3 கருவுக்குள் நுழைந்து அழற்சிக்கான உற்பத்தியைக் குறைக்கும். 1993இல் கிங், குமாரசுவாமி, நட்மன் முதலானோர் புழு உள்ளவர்களின் அணுக்களில் இன்டர்லூகின்-10ஐயோ டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு அடக்கும் புரதத்தையோ முடக்கிப் பார்த்தார்கள். ஊமையாய்க் கிடந்த அணுக்கள் பெருகத் தொடங்கின. 2003இல் ஸ்டீல், நட்மன் இருவரும் யானைக்கால் புழு வழக்கில் சிடிஎல்ஏ-4இன் பெயரையும் சேர்த்தார்கள். 2006இல் சுபாஷ் பாபு, குமாரசுவாமி உள்ளிட்டோர், உயிருள்ள புழுவே இந்த அடக்கும் வலைப்பின்னலைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள்.

1982இன் கைதிக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அடக்கும் அணுக்கள் நிஜமாகவே உண்டு. அன்று தேடிய இனத்தில் இல்லை. சிடி4 இனத்தில், ஃபாக்ஸ்பி3 புரதத்தைத் தாங்கி இருந்தன. சகாகுச்சி 1995இல் முன்வைத்த அந்தப் பாதைக்காக 2025இல் அவருக்கும் பிரன்கோ, ராம்ஸ்டெல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

வீங்கிய கால்களின் பக்கம் என்ன நடந்தது? 2009இல் பாபு குழு அதையும் பார்த்தது. கால் வீங்கியவர்களிடம் இந்த அடக்கும் அணுக்கள் குறைந்திருந்தன. புழுப் புரதத்தைக் கண்டதும் அழற்சி மூண்டது. கடிவாளம் புழுவை மட்டுமல்ல, அதைச் சுமப்பவரின் நிணநாளங்களையும் காத்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

ஆனால் அந்தக் காவலுக்கு ஒரு விலை உண்டு. உறங்கும் காசநோய்க் கிருமியும் யானைக்கால் புழுவும் ஒருசேர உள்ளவர்களிடம், காசநோய்க் கிருமியை உணரும் டோல் போன்ற ஏற்பிகளும் மங்கிப் போயிருந்தன. அதே 2009இல் வெளியான இன்னொரு கட்டுரை அது. புழுவுக்கு மருந்து கொடுத்த பிறகு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏற்பிகள் மீண்டிருந்தன.