புள்ளியும் விசையும்

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர், மெய்யெழுத்தின் தலையில் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்து வந்தனர். தொல்காப்பியம் புள்ளியை விதித்திருந்தும், அழுத்திக் குத்தினால் ஓலை பொத்தலாகிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். எழுதுகருவி விரலுக்குத் தரும் உணர்வு எழுத்தின் வடிவையே மாற்றவல்லது என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. தட்டச்சுப் பொறியிலும் கணினியின் விசைப்பலகையிலும் அக்கதை தொடர்ந்ததையே இங்குக் கூற முற்படுகிறேன்.

தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்த இரா. முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றவர். அவ்வகையில் நம் இனத்தவர். 247 எழுத்துக்களைச் சில பத்து விசைகளில் அடக்க அவர் கைக்கொண்ட வழி 'நகரா விசை' ஆகும். அதனைத் தட்டினால் குறி தாளில் பதியும், தாளோ நகராது, அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியோடு வந்து பொருந்தும். ஆகவே, வாய் பின்னர் ஒலிப்பதை விரல் முன்னர் அடிக்க வேண்டும். 1930களில் இப்பொறி ஜெர்மனியில் உருவாயிற்று.

கொழிஞ்சாம்பாறையினர் பொள்ளாச்சிக்கும், பீருமேட்டார் கம்பத்துக்கும் சென்று தமிழ்த் தட்டச்சுப் பயின்ற காலம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் யானும் அவ்வாறு எல்லை கடந்து பயின்றவனே. 'ய, ள, ன, க' என்று இடக்கை விரல்களுக்குப் பாடம் தொடங்கும். விசையை அமுக்கலாகாது, தட்டிவிட்டு உடனே விரலை எடுக்க வேண்டும் என்பார் ஆசிரியர். நெம்புகோல் எழுத்தச்சை எறிய, அது நாடாவில் மோதித் திரும்பும் அதிர்ச்சி விரல் நுனிவரை ஏறும். புள்ளியோ வலக்கைச் சுண்டுவிரலுக்கு உரியது. ஓங்கி அடித்தால் தாள் ஓட்டையாகும். மெல்ல அடித்தால் மூன்றாவது கார்பன் படியில் புள்ளியே இராது. ஓலைக்கு நேர்ந்த அதே இக்கட்டு!

இது வெறும் அழகுக் குறையன்று. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் வழி செய்தது. அவ்வுரிமையை நம்பித் தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு நான் அடித்துக் கொடுத்த மனு, ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. படியில் ஒற்றுக்கள் தெளியாமையால், குடும்ப அட்டையிலுள்ள பெயரோடு மனுதாரர் பெயர் பொருந்தவில்லையாம்! அவர்கள் மீண்டும் ஒரு நாட்கூலியை இழந்து அலைய நேர்ந்தது. பிழை என் சுண்டுவிரலுடையது.

பின்னர்க் கணினி வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 'கோல்டு' விசைப்பலகை பல அலுவலகங்களில் இடம்பெற்றது. அதனுள் அமைந்தவை ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் வகுத்த நீலநிற விசைகள். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு சுருள்வில் உண்டு. ஏறத்தாழ 50 கிராம் அழுத்தத்தில், 2 மில்லிமீட்டர் இறங்கிய அளவில், 'க்ளிக்' என்ற ஒலியோடு எழுத்துப் பதிந்துவிடும். அடிவரை குத்த வேண்டுவதில்லை. தட்டச்சில் பழகிய கைக்கு அது பிறந்த வீடு போன்றது. அதிலும் பெருஞ்சிறப்பு, புள்ளிக்கும் மற்றை எழுத்துக்கும் ஒரே அழுத்தம் என்பதே. சுண்டுவிரலின் துயர் தீர்ந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' பலகை ஏற்கப்பட்டது. உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் பிரிந்தன. ஒலிக்கும் முறையிலேயே விரலும் சென்றது. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டுக்கள் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும்.

ஆனால் மலிவு கருதி இன்று பரவியிருப்பவை ரப்பர்க் குமிழ் விசைகள். விரலின் கீழ் குமிழ் குழைந்து மடிய, அடியிலுள்ள மென்தகடுகள் தொட்டால்தான் எழுத்துப் பதியும். பதிந்ததா இல்லையா என்று விரல் அறியாது. பழையதாகிவிட்டாலோ பிடிவாதம் மிகும். ஒரு மகரம் தவறினால் 'அம்மா', 'அமா' ஆகிவிடுகிறாள். கைப்பேசியின் கண்ணாடியிலோ இறங்குவதற்கு ஆழமே இல்லை. சரிபார்க்கும் வேலை முழுதும் கண்ணுக்கே.

மனு அடிப்பதற்கு இன்றும் ஒரு பழைய 'கோல்டு' பலகையையே வைத்திருக்கிறேன். அவ்வோசை உறக்கத்தைக் கெடுக்கிறது என்று வீட்டார் குறை கூறவே, இரவு ஒன்பது மணியோடு நிறுத்திக்கொள்வதாக உடன்பட்டிருக்கிறேன்.