கொங்குநாட்டு உணவில் பயறு: தானிய மாற்றமும் முதியோர் நீரிழிவும்

முன்னுரை

கொங்குநாட்டின் உணவு வரலாறு பெரும்பாலும் தானியத்தின் வரலாறாகவே சொல்லப்பட்டு வருகிறது. கம்பும் சோளமும் ராகியும் போயின, அரிசி வந்தது, அதனோடு நீரிழிவும் வந்தது என்பது மேடைகளிலும் இதழ்களிலும் நிலைபெற்றுவிட்ட கூற்று. இதில் உண்மை உண்டு; ஆனால் பாதி உண்மையே. தானியத்தோடு சேர்ந்து உண்ணப்பட்ட கொள்ளு, தட்டைப்பயறு, அவரை, மொச்சை, மோர் ஆகியவற்றின் கதை இக்கூற்றில் இடம்பெறுவதில்லை. உடற்பருமனும் நீரிழிவும் ஒருங்கே உடைய முதியோர்க்கு இன்று சொல்லப்படும் உணவு அறிவுரைகள் இவ்விடுபாட்டின் விளைவைச் சுமக்கின்றன. எனவே புரதத்தை முன்னிறுத்தி இவ்வரலாற்றை மீண்டும் நோக்குவது தேவையாகிறது.

புன்செய்யும் கலப்பு விதைப்பும்

1800ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூர்ப் பகுதியைக் கடந்து சென்ற பிரான்சிசு புக்கானனின் பயணநூல் (1807), எப். ஏ. நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு (1887) ஆகிய இரண்டும் இந்நிலத்தைப் புன்செய் நிலமாகவே காட்டுகின்றன. நொய்யல், பவானி, அமராவதி ஆற்றுப்படுகைகளில் நெல் விளைந்தது. எஞ்சிய பெருநிலம் மழையையும் கிணற்றையும் நம்பியது. அங்குக் கம்பும் சோளமும் முதன்மைத் தானியங்கள். அவற்றின் ஊடே அவரை, தட்டை, பச்சைப்பயறு போன்றவை விதைக்கப்பட்டன. மழை பிந்திய காலத்தில் கொள்ளு தனியாகவும் விதைக்கப்பட்டது. காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்கள் மாட்டையும் அதன்வழி மோரையும் தந்தன.

இங்குச் சான்றுகளின் இயல்பையும் கருத வேண்டும். தானியத்தோடு கலந்து விதைத்த பயறு பரப்பளவுக் கணக்கில் முழுமையாகத் தெரிவதில்லை. கொள்ளுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே குதிரைத் தீவனம் என்ற எண்ணத்தைத் தருவது. ஆனால் கொங்கு அடுப்பில் அது கடைந்த பருப்பாகவும் ரசமாகவும் களிக்கும் சோற்றுக்கும் துணையாகவே இருந்தது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற சொல்வழக்கு அதன் மருத்துவ மதிப்பையும் உணர்த்துகிறது.

அளவைக் கொண்டு பார்த்தால் இம்மாற்றம் தெளிவாகும். இந்திய உணவுச் சத்து அட்டவணைகளின்படி 100 கிராம் கம்பில் சுமார் 11.6 கிராமும், சோளத்தில் 10.4 கிராமும், தீட்டிய பச்சரிசியில் 6.8 கிராமும் புரதம் உள்ளன. ராகியில் 7.3 கிராமே உள்ளது. ஆகவே ராகியிலிருந்து அரிசிக்கு மாறிய குடும்பம் புரதத்தில் பெரிதாக எதையும் இழக்கவில்லை. கம்பிலிருந்து மாறிய குடும்பம் இழந்தது. நாளொன்றுக்கு 400 கிராம் கம்பு உண்டவருக்குத் தானியத்திலிருந்தே 46 கிராம் புரதம் கிடைத்தது. அதே அளவு அரிசி தருவது 27 கிராம். கொள்ளில் 22 கிராம் இருப்பதோடு, தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசினும் பயறுகளில் நிறைந்திருக்கிறது.

இதனைக் கொண்டு பழைய உணவைப் பொற்காலமாக்குவது பிழை. 1876–78 பஞ்சம் இம்மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. அன்றைய உணவிலும் மாவுச்சத்தே மிகுதி. கவலை ஏற்றி, ஏர் ஓட்டி உழைத்த உடல் அதனைச் செலவிட்டது.

குன்னூரும் கோவையும்

கோவைக்கு மேலே மலைமீது குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வகம் பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகங்களாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. அரிசியை மையமாகக் கொண்ட தென்னிந்திய உணவின் குறை தானியத்தில் மட்டுமின்றி அதன் துணை உணவின் வறுமையிலும் இருக்கிறது என்பதை அங்கு நடந்த எலிச் சோதனைகள் காட்டின. மெக்காரிசனுக்குப்பின் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டும் உடன் ஆய்வாளர்களும் அவ்வுணவோடு கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்தபோது குழந்தைகளின் வளர்ச்சி மேம்பட்டதைக் கண்டனர். இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணைப்படுத்திய 1937ஆம் ஆண்டு நலவாழ்வு வெளியீடும் இக்குழுவின் பணியே. அவர்களின் கவலை குழந்தையின் வளர்ச்சியும் குறைபாட்டு நோய்களும். முதியோரின் இரத்தச் சர்க்கரை அன்று எவர் கண்ணிலும் படவில்லை.

கோவையின் வேளாண் ஆய்வுக்கு உலகப் பெயர் தந்தது, நகைமுரணாக, கரும்பு (இனப்பெருக்க நிலையம் 1912, கோ 205 இரகம் 1918). சிறுதானிய இனப்பெருக்க நிலையம் 1923இல் வந்தது. தானியம் மேம்பட்ட அளவுக்குப் பயறு கவனம் பெறவில்லை.

அரிசியின் வருகை

1950களின் நடுவில் நிறைவுற்ற கீழ்பவானித் திட்டமும், தொடர்ந்து வந்த பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமும் புன்செய்யின் முகத்தை மாற்றின. கலப்பு விதைப்பு இருந்த காடுகளில் நெல், கரும்பு, மஞ்சள், தென்னை வந்தன. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையோடு கோவையிலும் நடைமுறைக்கு வந்தது. பசியை நீக்கிய வகையில் அதன் சிறப்பு மறுக்க இயலாதது. ஆயின் பொதுவிநியோகம் தந்த உறுதி அரிசிக்கு மட்டுமே கிடைத்தது. துவரம்பருப்பு சிறப்புத் திட்டத்தின்கீழ் 2007இல்தான் வந்தது. கம்பின் புரதத்தை இழந்த வீட்டில் பயறின் பங்கும் சுருங்கியது; உழைப்பும் குறைந்தது.

முதுமையும் தசையும்

உணவுக்குப்பின் இரத்தத்திலுள்ள குளுக்கோசைப் பெருமளவு ஏற்பது எலும்புத்தசை. வயதேற ஏறத் தசை குறைந்து அதன் இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. எடை மாறாமலே இது நிகழலாம். உடல் பருத்த முதியவர் உணவை வெறுமனே குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். போதிய புரதமும் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் இங்குத் தேவைப்படுவதன் காரணம் இதுவே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கிலோ எடைக்கு 0.83 கிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு மருத்துவர் வேறு அளவு வகுப்பார்.

புரதத்தைக் கூட்டினால் மட்டும் போதும் என்பதற்கும் சான்று இல்லை. எட்டு நாடுகளில் மூன்றாண்டுகள் நடந்த பிரிவியூ ஆய்வில், உடற்பருமன் உடையவர்கள் முதலில் எடை குறைத்தபின் 25 விழுக்காட்டுப் புரத உணவும் 15 விழுக்காட்டு உணவும் ஒப்பிடப்பட்டன; நீரிழிவைத் தடுப்பதில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அங்குக் குறைந்த அளவாக வைக்கப்பட்ட 15 விழுக்காடே இந்தியச் சராசரியைவிட மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் (ஐ.என்.டி.ஐ.ஏ.பி.) பேராய்வு 2025இல் வெளியிட்ட கணக்கில் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும் சுமார் 12 விழுக்காடு மட்டும் புரதத்திலிருந்தும் வருகிறது. அதே பேராய்வு 2022இல், புதிதாக நீரிழிவு கண்டவர்களிடம் அது தணிய மாவுச்சத்தை 49–54 விழுக்காட்டுக்குக் குறைத்துப் புரதத்தை 19–20க்கு உயர்த்தலாம் எனக் கணித்தது.

கொங்கு வரலாற்றுக்கு மிகவும் பொருந்துவது 2025 ஆய்வின் மற்றொரு முடிவு. மொத்த மாவுச்சத்து குறையாதபோது அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ உண்பது நீரிழிவு இடரைக் குறைப்பதோடு தொடர்புறவில்லை; மாவுச்சத்தின் ஆற்றலில் 5 விழுக்காட்டை விட்டுப் பயறு அல்லது பால் புரதத்தை ஏற்பது தொடர்புற்றது. அரிசிச் சோற்றைத் தள்ளிவிட்டு அதே அளவு ராகிக் களியை உண்ணும் முதியவரின் சர்க்கரை எதிர்பார்த்தபடி இறங்காததற்கு இது ஒரு விளக்கம். களியின் உருண்டை சிறுத்து, கொள்ளுப் பருப்பின் கிண்ணம் பெருக வேண்டும். பழைய தட்டிலிருந்து மீட்க வேண்டியது இவ்விகிதம்.

பொதுவிநியோகத்தில் இவ்விகிதம் இன்னும் எட்டப்படவில்லை. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்கு ஈடாக 2 கிலோ ராகி வழங்கும் திட்டம் தொடங்கியது. சிறுதானிய உழவர்க்கு அது நன்மை, சத்திலும் இரும்பு, சுண்ணாம்பு வகையில் ஆதாயம் உண்டு. ஆயினும் அது தானியத்துக்குத் தானியம். மாதம் 20 கிலோ வரை அரிசி பெறும் குடும்ப அட்டைக்குப் பருப்பு 1 கிலோ. கொங்குப் புன்செய்யில் மிகக் குறைந்த மழையில் விளையும் கொள்ளு அப்பட்டியலில் இல்லை.