பிளக் இல்லாமல் பறந்த இஞ்சின்



விலை கூடிய பிளக் போட்டால் இஞ்சினின் வலு கூடும் என்று நாம் நம்புகிறோம். வீட்டிலேயே விமானம் செய்பவர்களும் அப்படித்தான்.

1903இல் ரைட் சகோதரர்களுக்காக அவர்களின் சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் செய்த இஞ்சினில் பிளக்கே இல்லை. சிலிண்டருக்குள் இரண்டு உலோக முனைகள் தொட்டுப் பிரியும்போது தீப்பொறி வந்தது. சகோதரர்களுக்குத் தேவைப்பட்டது 8 குதிரை வலு, கிடைத்தது 12. டிசம்பர் 17இல் விமானம் மேலெழுந்தது.

பொறியின் வேலை கலவையைப் பற்றவைப்பது. வலு வருவது கலவையிலும் அமுக்கத்திலும் பற்றவைக்கும் நேரத்திலும்தான். இரிடியம் பிளக் கூடுதல் காலம் உழைக்கும், உண்மை. பழுதான பிளக்கை மாற்றினால் இழந்த வலு திரும்பும். நல்ல பிளக்கை மாற்றினால் காசுதான் போகும். அதற்கு முன் காபரேட்டரைத் துப்பரவு செய்து பார்ப்போம்.